பத்து ஆம்பியரில் ஒரு கம்ப்ரசர்

ஹியாம் பொத்தானை அமுக்கியதும் கம்ப்ரசர் ஒரு தடவை உறுமியது. அவ்வளவுதான். விளக்கு போனது, ரேடியோ போனது. அடுத்த நொடி மேல்மாடியிலிருந்து விடாத கீச்சொலி ஒன்று கிளம்பியது. அபூ ஃபிராஸின் ஆக்சிஜன் மெஷின் கரண்ட் போய்விட்டது என்று கத்துகிற சத்தம் அது.

கையிலிருந்த ஸ்டேப்ளரைப் போட்டுவிட்டு அவள் படியேறி ஓடினாள்.

மேலே அவர் மனைவி உம்மு ஃபிராஸ் கட்டிலுக்கு அடியிலிருந்து இருப்புச் சிலிண்டரை இழுத்துக்கொண்டிருந்தாள். அதைத் திறக்கும் சாவியைக் காணவில்லை. ஹியாம் மேசை இழுப்பறையை அப்படியே கட்டிலில் கவிழ்த்தாள். மாத்திரை அட்டைகள், உடைந்த மூக்குக் கண்ணாடி, அதற்கடியில் சாவி. குழாயை மாற்றி, சிலிண்டர் சீறத் தொடங்கும்வரை இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

"அவரு உதட்டைப் பாத்தியா?" என்றாள் உம்மு ஃபிராஸ். "கத்திரிக்கா நிறத்துக்குப் போயிடுச்சு. பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்."

அபூ ஃபிராஸ் இருபத்தெட்டு வருடம் எங்கள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மூச்சு திரும்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது: "எந்தக் கப்பலைத் தூக்கப் பாத்தே, பொண்ணே?"

பிரேக்கர் இருக்கும் இரும்புப் பெட்டி தெரு முனைச் சுவரில் பூட்டிக் கிடக்கிறது. சாவி தெரு ஜெனரேட்டர்க்காரரின் ஆள் கஸ்வானிடம். நாற்பது நிமிடம் கழித்து எள் ரொட்டியைக் கடித்தபடி அவன் வந்தான்.

"யாரு வீட்டுக்குள்ள ரயில் ஓட்டுனது?"

"சீக்கிரம் போடு, கஸ்வான். மேல மனுஷன் சிலிண்டர்ல இருக்காரு."

"போடறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அடுத்த தடவை விழுந்து, நான் அந்தப் பக்கத் தெருவுல எங்கயாவது மாட்டிக்கிட்டேன்னா ரெண்டு மணி நேரம்கூட ஆகும். அப்ப என்னைத் திட்டக் கூடாது."

இருப்புச் சிலிண்டர் முழுதாக இருந்தால் தாங்குவதும் அதே இரண்டு மணி நேரம்தான்.

ஹியாம் செய்த தவறு எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடியது. திரிப்போலியில், அதிலும் மீனா என்கிற இந்தத் துறைமுகப் பக்கத்தில், ஆம்பியரை மனக்கணக்காகக் கூட்டத் தெரியாத ஆளே கிடையாது. அரசாங்கக் கரண்ட் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் எட்டிப் பார்க்கும். மிச்ச நேரமெல்லாம் தெரு ஜெனரேட்டர்தான். ஐந்தைந்தாக இரண்டு லைன் எடுப்பதைவிடப் பத்தாக ஒன்று எடுத்து, ஒரு வீடு சும்மா இருக்கும்போது இன்னொரு வீடு கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்று கீழ்வீடும் மேல்வீடும் பங்கு போட்டிருந்தன. மைத்துனன் முறையுள்ள ஒருவன் கொண்டுவந்து கொடுத்த அந்த இரண்டு குதிரைத்திறன் கம்ப்ரசரின் தகட்டில் ஏழு ஆம்பியர் என்று போட்டிருந்தது. மேலே ஆக்சிஜன் மெஷினுக்கு இரண்டு. ஏழும் இரண்டும் ஒன்பது. தன் குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிட்டு, ஒரு ஆம்பியர் மிச்சம் என்ற தைரியத்தில் அவள் பொத்தானை அமுக்கினாள். ஓடும்போது ஏழு கேட்கிற மோட்டார் கிளம்புகிற அந்த அரை நொடியில் முப்பது, முப்பத்தைந்து கேட்கும் என்பதைத் தகடு சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே கம்ப்ரசர் திரும்பிப் போனது. உம்மு ஃபிராஸ் கீழே இறங்கி வந்து, ஹியாமின் வாசலில் நின்றபடியே பேசினாள்.

"உன் தொழிலைக் கெடுக்க நான் வரலை. ஆனா ஜெனரேட்டர் ஓடும்போது அந்த மாதிரி ஒரு மெஷினை நீ போடக் கூடாது. அரசாங்கக் கரண்ட் இருக்கும்போது என்ன வேணா பண்ணிக்கோ."

"சத்தியமா போட மாட்டேன்."

"சத்தியமெல்லாம் எதுக்கு? வார்த்தை குடு. போதும்."

ஹியாம் வார்த்தை கொடுத்தாள்.

ஆனால் மெஷின் இல்லாமலும் முடியாது. அவளுக்கு நாற்பத்தேழு வயது. விவாகரத்து முடிந்த வாரத்தில், கணவன் விட்டுப்போன ஒரே பொருளான சோபாவைத் தரையில் போட்டுப் பிரித்தாள். கழற்றிய துணியையும் பஞ்சையும் பட்டையையும் கழற்றிய வரிசையிலேயே சுவரோரமாக அடுக்கி வைத்து, கடைசியில் கழற்றியதிலிருந்து தொடங்கிப் புதுத் துணியில் திரும்பக் கட்டினாள். தொழில் கற்றுக்கொண்டது அப்படித்தான். முதல் வேலை கொடுத்தது உம்மு ஃபிராஸ்: இரண்டு நாற்காலி, பச்சை வெல்வெட். அப்புறம் பதினாறு வருடம் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு சுத்தியலால் அடித்தாள், பிறகு கையால் அமுக்கும் ஸ்டேப்ளர். ஒரு நாளைக்கு ஆயிரம் அமுக்கு. போன குளிர்காலத்தில் வலது மணிக்கட்டைக் கீறி அறுவை சிகிச்சை செய்த டாக்டர், சுத்தியலை இனி அந்தக் கை தொடக் கூடாது என்றார். காற்றில் ஓடும் ஸ்டேப்ளர் ஒரு விரல் தொட்டால் போதும். அது ஓடக் கம்ப்ரசர் வேண்டும். இல்லையென்றால் கடையை மூட வேண்டும்.

பெருநகர்ப் பக்கம் நஸூஹ் என்பவனின் கடைக்குப் போனாள். வாசல்வரை சிவப்பும் நீலமுமாகக் கம்ப்ரசர்கள்.

"என்ன வேலைக்கு?"

"நாற்காலிக்குத் துணி அடிக்க."

"அப்ப இதை எடு, அக்கா. மூணு குதிரை, நூறு லிட்டர். லாரி டயரே ஊதலாம்."

"எங்கிட்ட லாரி இல்ல."

"நாளைக்கே வாங்குவே."

"ரெண்டு வீட்டுக்குச் சேத்துப் பத்து ஆம்பியர் லைன்."

நஸூஹ் சிரிப்பை நிறுத்தினான். மூலையிலிருந்து சின்னது ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கி வந்தான். முக்கால் குதிரை, இருபத்துநாலு லிட்டர், காற்றை அமுக்கும் தலைக்கு எண்ணெய் ஊற்றத் தேவையில்லை, பேச்சுக் குரலுக்கு மேல் சத்தம் வராது.

ஹியாம் பையிலிருந்து தன் ஸ்டேப்ளரை எடுத்தாள். "மாட்டிப் பாக்கறேன்."

கடையில் கிடந்த பலகை ஒன்றில் அடிக்கத் தொடங்கினாள். எண்ணிக்கொண்டே அடித்தாள். நூற்றைம்பது தாண்டியபோது மோட்டார் தானாகக் கிளம்பியது. அவள் துள்ளி விலகினாள்.

"யாரு போட்டது?"

"யாரும் போடலை. காத்தழுத்தம் அஞ்சுக்கு எறங்கினா அதுவா கிளம்பும்."

"நான் சொல்லாமலா?"

"நீ எதுக்குச் சொல்லணும்? அதுக்குத்தானே இவ்ளோ விலை."

அதுதான் அவளுக்குப் பயம். ஒரு நாற்காலிக்கு நூறு ஸ்டேப்ளர் பின். ஒன்றரை நாற்காலிக்கு ஒருமுறை, மேலே யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல், இது தானாகக் கிளம்பும். சுவிட்சை அணைத்து வைத்தாலோ ஒன்றரை நாற்காலியோடு வேலை நிற்கும். பெரியதை வாங்கி அரசாங்கக் கரண்டில் மட்டும் ஓட்டலாம் என்றால், அந்தக் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. அது போன நொடியில் வீட்டின் லைன் தானாக ஜெனரேட்டருக்கு மாறிவிடும். மூன்று குதிரை ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி மாறினால் அபூ ஃபிராஸுக்கு மறுபடியும் கத்திரிக்காய் உதடு.

பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். படிக்கட்டடியில் இருக்கும் தண்ணீர்ப் பம்பு ஞாபகம் வந்தது. அரை குதிரை. அதே பத்து ஆம்பியர் லைனில் வருடக்கணக்காக ஓடுகிறது, ஒரு நாளும் பிரேக்கரை விழத்தட்டியதில்லை. சின்னப் பம்புதான். ஆனால் மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி. பம்பு எப்போதோ ஒரு மணி நேரம் ஓடும், குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வரும்.

"அந்த மூணு குதிரைக்காரனோட தொட்டியில இந்தச் சின்னத் தலையைப் பூட்டிக் குடு."

"லாரிக்கு முன்னால கழுதையைக் கட்டுற மாதிரி இருக்கு, அக்கா."

"கழுதை மெதுவா இழுக்கட்டும்."

"நெறைய இருபது நிமிஷம் ஆகும்."

"ஆகட்டும். எங்க மாடித் தொட்டி நெறைய ஒரு மணி நேரம் ஆகுது. யாரும் அழுததில்ல."

நஸூஹ் தலையைச் சொறிந்தான். "பழைய காஸ் சிலிண்டர் ரெண்டை ஒண்ணா ஒட்டித் தரேன். பாதி விலைக்கு முடியும்."

"வீட்டுக்குள்ள குண்டு வேணாம். சோதிச்சு முத்திரை போட்ட தொட்டி குடு."

"சரி. ஆனா நெறைஞ்சதும் தானா நிக்கிற சமாச்சாரத்தை நான் எடுக்க மாட்டேன். அது உன் உயிரு. கிளம்புறது மட்டும் உன் கையில. சுவிட்சை அணைச்சு வச்சிக்கோ."

ஓட்டிக் காட்டினான். அவள் நிறுத்தச் சொன்னாள். நின்றதும் 'புஸ்' என்று ஒரு சின்ன மூச்சு வந்தது.

"அது என்ன?"

"தலையில மாட்டிக்கிட்ட காத்து வெளிய போகுது. அது போனாத்தான் அடுத்த தடவை லேசாக் கிளம்பும். இந்த 'புஸ்' என்னிக்காவது கேக்கலைன்னா சுவிட்சைத் தொடாதே. மெஷினைக் கொண்டா."

முக்கால் குதிரை, அரை குதிரை இல்லை. அந்தக் கால் குதிரை வீடுவரைக்கும் அவளை உறுத்தியது.

பத்து நாள் ஒழுங்காகப் போனது. மதியம் இரண்டிலிருந்து நாலுவரை அரசாங்கக் கரண்ட் வரும். தொட்டியை எட்டுக்கு நிறைத்து, சுவிட்சை அணைத்து, மறுநாள் மதியம்வரை அந்தக் காற்றில் எட்டு நாற்காலி அடிக்கலாம். மேல்வீட்டு ஆக்சிஜன் மெஷின் எந்நேரமும் 'டொக்... ஸ்ஸ்' என்று தன் பாட்டுக்கு ஓடியது.

அப்போதுதான் கடற்கரைச் சாலையில் புதிதாக வரும் மீன் உணவகத்தின் இருபத்துநாலு நாற்காலிகள் வந்தன. வெள்ளிக்கிழமை திறப்பு. வியாழன் மாலை ஆறு மணிக்கு வேன் வரும். "இது நேரத்துக்கு வந்தா மாடிக்கு அறுபது இருக்கு, அதுவும் உனக்குத்தான்," என்றார் உரிமையாளர். "வரலைன்னா டவுன்ல ஆள் இருக்கு." ஒரு வருட வேலை அது.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அரசாங்கக் கரண்ட் வரவில்லை. மூன்றுக்கும் வரவில்லை. நாலரை மணிக்குத் தொட்டியின் முள் நாலில் நின்றது. பின்கள் மரத்துக்குள் இறங்காமல் பாதியில் நின்றன, விரலை வைத்தால் கீறியது. ஆறு நாற்காலி மிச்சம்.

கம்ப்ரசரின் சுவிட்சைப் பார்த்தாள். வார்த்தை கொடுத்திருக்கிறாள். கருவிப் பெட்டியின் அடியிலிருந்து சுத்தியலை எடுத்து, வாயில் ஆணியைப் போட்டு, இடக்கையால் அடிக்கத் தொடங்கினாள். நாலாவது ஆணியில் கட்டைவிரல் நசுங்கியது.

ஜன்னலுக்கு வெளியே கயிற்றுக் கூடை இறங்கியது. மேல்மாடிப் பால்கனியிலிருந்து ரொட்டி வாங்க விடும் கூடை. உள்ளே மாத்திரைப் பெட்டியைக் கிழித்த அட்டை, அதில் நீலப் பென்சிலில் எழுத்து: 'சுத்தியல் சத்தம் கேட்டது. நான் சிலிண்டரில் இருக்கிறேன். குளிர்சாதனப் பெட்டி, டிவி, எல்லாம் அணைத்தாயிற்று. போடு.'

ஹியாம் தெருவுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். பால்கனிக் கம்பியைப் பிடித்து அபூ ஃபிராஸ் நின்றார். மூக்கில் குழாய்.

"உம்மு ஃபிராஸ் எங்க?"

மார்க்கெட் பக்கம் கையைக் காட்டினார்.

"மாட்டேன், அபூ ஃபிராஸ். நான் வார்த்தை குடுத்திருக்கேன். மெஷினுக்கு மாறுங்க."

அவருக்குக் கத்தி மூச்சை வீணாக்க முடியாது. கம்பியில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு வலக்கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை மேல்நோக்கி வட்டமாகச் சுற்றினார். எங்கள் தெருவில் துறைமுக வேலை பார்க்காத வீடே இல்லை. அந்த விரல் என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும். கீழே நிற்பவன் கிரேன்காரனுக்குக் காட்டும் சைகை. தூக்கு.

அவள் அங்கே நிற்க நிற்க இருப்புச் சிலிண்டர் குறைந்துகொண்டிருந்தது. அவர் விரலைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

உள்ளே ஓடினாள். விளக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடுங்கினாள். சுவிட்சைத் தட்டினாள்.

விளக்கு மங்கித் தேநீர் நிறத்துக்குப் போனது. மோட்டார் ஒரு கணம் திணறியது. தன் தலையில் கைவைத்தபடி நின்றாள். பிறகு மோட்டார் பிடித்துக்கொண்டது, விளக்கு நிமிர்ந்தது. முள் மெல்ல நகர்ந்தது. நாலு. நாலேகால். ஏழுக்குப் போக எட்டு நிமிடம் ஆகும். முள் ஐந்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள்.

இரண்டு கைகளிலும் பையோடு உம்மு ஃபிராஸ் முனையில் திரும்பிக்கொண்டிருந்தாள்.

வியாழன் என்றால் நகராட்சித் தண்ணீர் வரும் நாள். படியேறும் முன் பம்பின் சுவிட்சை அமுக்கிவிட்டுத்தான் அவள் ஏறுவாள். முக்கால் குதிரை ஓடும்போது அரை குதிரை கிளம்பினால் பிரேக்கர் நிற்காது.

ஹியாம் படிக்கட்டடிக்குப் பாய்ந்தாள். உம்மு ஃபிராஸின் கை சுவிட்சுக்கு நீண்டிருந்தது.

"பம்பைத் தொடாதீங்க!"

கை அந்தரத்தில் நின்றது. அவள் காதைத் தீட்டினாள். "என்ன சத்தம் அது? கரண்ட் வந்துடுச்சா?"

ஆமாம் என்று ஒரு பொய். அதற்கு இதைவிட வசதியான நேரம் கிடைக்காது. ஆனால் கரண்ட் வந்துவிட்டது என்றால் அவள் பம்பைப் போட்டுவிடுவாள்.

"இல்ல."

"ஜெனரேட்டர்லயா ஓடுது?"

"ஆமா."

"அவரு?"

"சிலிண்டர்ல. அவரா மாறிக்கிட்டாரு. நான் கேக்கலை."

ஒரு பை கீழே விழுந்தது. எலுமிச்சம்பழங்கள் தெருவாசல்வரை உருண்டன. இருவரும் அவற்றைப் பார்க்கவில்லை.

"வார்த்தை குடுத்தே."

"குடுத்தேன்."

"அவரு சொன்னா நீ செய்வியா? எத்தனையோ நாளா உக்காந்தே இருக்கற மனுஷன், வேலை ஒண்ணு கிடைச்சா உயிரைக்கூடக் குடுப்பாரு. உனக்குத் தெரியாது?"

"தெரியும்."

"தெரிஞ்சும் போட்டிருக்கே."

ஹியாமின் நசுங்கிய கட்டைவிரலிலிருந்து ரத்தம் சொட்டியதை உம்மு ஃபிராஸ் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம்."

"ரெண்டு."

"ரெண்டு," என்றாள் ஹியாம்.

உம்மு ஃபிராஸ் படியேறினாள். ஹியாம் கம்ப்ரசருக்குத் திரும்பி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முள் ஆறைத் தொட்டது. ஆறுக்கு மேல் ஒரு மயிரிழை. இரண்டு நிமிடம் முடிந்ததும் சுவிட்சை அணைத்தாள். 'புஸ்'.

பிறகு மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது 'டொக்... ஸ்ஸ்' கேட்க வேண்டும். கேட்கவில்லை. பத்து நொடி. இருபது. நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது, எதுவோ தரையில் மோதியது. ஹியாம் வாசற்படியில் கால் வைத்துவிட்டாள்.

டொக். ஸ்ஸ்.

டொக். ஸ்ஸ்.

அவள் திரும்பி வந்து முதல் நாற்காலியைக் கவிழ்த்தாள். இருக்கிற காற்றுக்கு ஆறு நாற்காலி வராது என்று தெரியும். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் பின்களை விரலிடை தள்ளித் தள்ளி அடித்தாள், முன்பக்கத்தில் நெருக்கமாக. கடைசி நாற்காலியின் கடைசிப் பக்கத்தில் பின் மறுபடியும் பாதியில் நின்றது. பதினோரு ஆணியை இடக்கையால் அடித்து முடித்தபோது வேன்காரன் ஹாரனை மூன்றாவது தடவை அழுத்தினான்.

வேன் முனையைத் தாண்டியது ஆறேகாலுக்கு. ஆறு இருபதுக்கு அரசாங்கக் கரண்ட் வந்தது. தெரு முழுக்க ஒரே கூச்சல், எல்லா வீட்டிலும் பம்பு. ஹியாம் தரையில் உட்கார்ந்து வசவுகளில் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கரண்டுக்குச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மேலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. உணவகத்திலிருந்து ஆள் வந்து, மாடிக்கான அறுபதில் முதல் பத்தை இறக்கிவிட்டுப் போனான். அவள் அவற்றைத் தொடவில்லை. மதியம் கரண்ட் வந்தது. கம்ப்ரசர் பக்கமே போகவில்லை.

சனிக்கிழமை காலை ஜன்னலில் கூடை இறங்கியது. உள்ளே எலுமிச்சம்பழம் நாலு, கட்டைவிரலுக்குப் பிளாஸ்திரி ஒன்று, அவற்றுக்கு நடுவில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை.

"என்ன இது?" ஹியாம் தலையை வெளியே நீட்டினாள்.

பால்கனியில் உம்மு ஃபிராஸ். முகத்தில் சிரிப்பு இல்லை. "பம்போட ஃபியூஸ். பிடுங்கிட்டேன். கரண்ட் வராத நாள்ல உனக்கு ஓட்டணும்னா முதல்ல என்னைக் கேக்கணும். நான் சரின்னா இது கூடையில வரும். இது உன் கையில இருக்கற வரைக்கும் யாரும் பம்பைப் போட முடியாது. பத்து நிமிஷம். அதுக்கப்புறம் கூடையில போடு, நான் இழுத்துக்கறேன்."

"அவரு?"

"அவரு சிலிண்டரைத் தொட்டா உன் ரெண்டு கையையும் ஒடிப்பேன். அவரு மெஷின்லயே இருப்பாரு. அதுக்கு ரெண்டு, உன்னோடதுக்கு நாலு. நேத்து கஸ்வானைக் கூட்டிட்டு வந்து அளந்தேன். நீ பள்ளிவாசல் தெருவுக்கு நூல் வாங்கப் போயிருந்தப்ப உன் மெஷினை நாலு தடவை போட்டுப் பாத்தோம். விழலை."

"என் வீட்டுக்குள்ள வந்தா?"

"பதினாறு வருஷமா சாவி எங்கிட்டத்தானே இருக்கு."

அவளுக்குப் பின்னாலிருந்து இருமலும் ஒரு குரலும் வந்தன. "அந்த மெஷின் நல்லாத் தூக்குது, பொண்ணே."

"நீங்க பேசாம மூச்சு விடுங்க," என்றாள் உம்மு ஃபிராஸ் திரும்பாமல். பிறகு கீழே பார்த்தாள். "இன்னிக்குக் கரண்ட் ரெண்டு மணிக்கு வரும்னு யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை."

"அப்ப ஏன் நிக்கறே? போடு. நான் கடிகாரத்தைப் பாக்கறேன்."

ஹியாம் ஃபியூஸ் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். சுவிட்சைத் தட்டினாள். விளக்கு தேநீர் நிறத்துக்குப் போய்த் திரும்பியது. மேலே 'டொக்... ஸ்ஸ்' ஒரு தடவையும் தவறவில்லை. ஒன்பதாவது நிமிடம் கம்பியில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. அவள் சுவிட்சை அணைத்து, 'புஸ்' வரும்வரை காத்திருந்து, ஃபியூஸைக் கூடையில் வைத்தாள். கயிறு இறுகியது, கூடை மேலே போனது.